லண்டனிலிருந்து வந்த அறிக்கை: சட்டம் யாரைப் பிடிக்கும்?

2008 அக்டோபர் 15-ஆம் தேதி உள்துறை அமைச்சு இண்ட்ராப்பைச் சட்டவிரோத அமைப்பாக அறிவித்தபோது, அதன் தலைவர் பொ. வேதமூர்த்தி லண்டனில் இருந்தார். தம் கடப்பிதழ் ரத்து செய்யப்பட்டதாக அவர் அதே ஆண்டில் அறிவித்திருந்தார். பிரிட்டன் அவருக்கு அடைக்கலம் தந்தது. 2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி சிங்கப்பூர் வழியாக நாடு திரும்பும் வரை, அங்கிருந்தபடியே அறிக்கைகள் விடுத்து அவர் இயக்கத்தை நடத்தினார். இதில் சட்டம் எங்கே குறுக்கிடுகிறது?

பேசுபவரிடமிருந்து தொடங்கலாம். மலேசியக் குடிமகன் வெளிநாட்டில் இருந்தாலும் நம் சட்டத்தின் கை அவரை விடுவதில்லை. 1976-ஆம் ஆண்டின் நாட்டுக்கு வெளியே நிகழும் குற்றங்கள் தொடர்பான சட்டம், தேச நிந்தனைச் சட்டத்தை வெளிநாட்டில் பேசிய குடிமகனுக்கும் பொருத்துகிறது. ஆனால், வழக்குப் போட ஆள் வேண்டுமே! அரசியல் கருத்துக்காகத் தண்டிக்கவே ஒருவரைக் கேட்கிறார்கள் என்று தெரிந்தால், பிரிட்டனின் 2003-ஆம் ஆண்டு நாடு கடத்தல் சட்டம் அவரை ஒப்படைக்க விடாது.

அடைக்கலம் தந்த நாட்டிலும் எல்லை உண்டு. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தம் அகதி அந்நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்கிறது. சங்கம் சேரும் உரிமையை அது உறுதி செய்வதும் அரசியல் சாராத சங்கங்களுக்குத்தான். 1969-இல் ஆப்பிரிக்க நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம் இன்னும் கறாரானது. அகதிகள் ஆயுதத்தாலோ பத்திரிகையாலோ வானொலியாலோ இன்னொரு உறுப்பு நாட்டைத் தாக்குவதைத் தடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பிரிட்டனில் அப்படியில்லை, அமைதியான அரசியல் பேச்சுக்குத் தடை கிடையாது, வன்முறையைத் தூண்டினால்தான் வழக்கு. பாகிஸ்தானின் எம்கியூஎம் தலைவர் அல்தாஃப் உசேன் லண்டனிலிருந்து தொலைபேசி வழியே கராச்சித் தொண்டர்களிடம் பேசிய 2016-ஆம் ஆண்டு உரைக்காகப் பயங்கரவாதத்தை ஊக்குவித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். 2022-இல் லண்டன் ஜூரி அவரை விடுவித்தது. அவர் பேச்சை ஒளிபரப்பக் கூடாது என்று லாகூர் உயர்நீதிமன்றம் 2015-லேயே தடுத்திருந்தது. பேசுபவரைத் தொட முடியாத நாடு, கேட்பவரின் காதை அடைக்கப் பார்க்கிறது.

நம் நாட்டிலும் பாரம் கேட்பவர் பக்கம்தான் இறங்கியது. 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின் 42-ஆவது பிரிவுப்படி, சட்டவிரோத அமைப்பை நடத்துபவருக்கும் நடத்த உதவுபவருக்கும் ஐந்தாண்டு வரை சிறை, 15,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டும். 43-ஆவது பிரிவில் உறுப்பினராக இருப்பது, கூட்டத்துக்குப் போவது, பணம் கொடுப்பது எல்லாமே குற்றம்: மூன்றாண்டு வரை சிறை, 5,000 வெள்ளி வரை அபராதம். அந்த அமைப்பின் பெயரில் வந்த துண்டறிக்கையைத் தக்க காரணமின்றி வைத்திருந்தாலும் சிக்கல். ஆக, லண்டனில் அறிக்கை எழுதியவரைவிட, அதை நகலெடுத்து பீடோங்கிலோ பாடாங் செராயிலோ தோட்டத்து லயத்தில் கொடுத்தவர்தான் சட்டத்தின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தார். தடை வந்த சில நாட்களிலேயே, பிரதமர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கச் சென்ற ஆதரவாளர்கள் கைதானது நினைவிருக்கும்.

ஆனாலும் தடை ஓட்டுரிமையைத் தொடவில்லை. சுங்கை பட்டாணியை ஒட்டிய புக்கிட் செலம்பாவில் 2009 ஏப்ரல் 7-ஆம் தேதி இடைத்தேர்தல் நடந்தது. 15 பேர் போட்டியிட்டார்கள், பிகேஆரின் எஸ். மணிக்குமார் வென்றார். வாக்களிப்புக்கு நான்கு நாள் முன்பு பிரதமரான நஜிப், அன்றே 13 ஐஎஸ்ஏ கைதிகளின் விடுதலையை அறிவித்தார். அவர்களில் இருவர் இண்ட்ராப் தலைவர்கள். தடை செய்த அமைப்பின் ஆதரவாளர்களும் வாக்காளர்கள்தானே!

பதிவு பெற்ற கட்சி என்ற வழியும் திறந்தே இருந்தது. இண்ட்ராப்பின் ஒருங்கிணைப்பாளராக இருந்து, லண்டனில் இருந்த தலைவரோடு முரண்பட்டு விலகிய ஆர்.எஸ். தனேந்திரன், 2009-இல் மலேசிய மக்கள் சக்தி கட்சியைப் பதிவு செய்தார். அதில் சேர்ந்தவருக்கு 43-ஆவது பிரிவின் பயம் இல்லை.

தலைவர் திரும்பி வருவதை மட்டும் சட்டம் தடுக்க முடியாது. கடப்பிதழ் உரிமையல்ல, சலுகை என்று 1979-இல் லோ வாய் கோங் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காகக் குடியுரிமை போய்விடாது. எந்தக் குடிமகனையும் நாட்டுக்கு வெளியே ஒதுக்கி வைக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 9-ஆவது விதி. வேதமூர்த்தி திரும்பியபோதும் தடை நடப்பில்தான் இருந்தது. அது 2013 ஜனவரியில்தான் நீங்கியது. ஐஎஸ்ஏ 2012-இல் போய்விட்டது. சங்கங்கள் சட்டத்தின் 42, 43-ஆவது பிரிவுகள் இன்றும் இருக்கின்றன.