தொழிற்புரட்சிக்கு முந்தைய மண் எது? ஜாவர் எழுப்பும் கேள்வி

கன உலோக மாசு பற்றிய நம் ஆய்வேடுகளில் ‘பின்னணி மதிப்பு’ பெரும்பாலும் ஒற்றை வரியில் கடந்துபோகிறது. ஒரு நிலத்தின் இடர் மிதமானதா, கடுமையானதா என்ற தீர்ப்பு அந்த வரியில்தான் எழுதப்படுகிறது. இதை உணர்த்த ராஜஸ்தானின் ஜாவரை விடப் பொருத்தமான இடம் இந்தியாவில் இருக்குமா என்பது ஐயமே.

உதயப்பூருக்குத் தெற்கே, திடி ஆற்றின் கரையில் உள்ளது ஜாவர். 1980களில் இந்திய, பிரித்தானிய அறிஞர்கள் இணைந்து நடத்திய அகழாய்வு, அங்கே துத்தநாகம் வாலைவடித்து எடுக்கப்பட்ட உலைகளை வெளிக்கொணர்ந்தது. துத்தநாகம் எளிதில் கைக்கு வராத உலோகம். அதன் ஆக்சைடைக் கரியால் ஒடுக்க ஏறத்தாழ 1000 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். உலோகமோ 907 பாகையிலேயே ஆவியாகிவிடும். அந்த ஆவி காற்றைத் தொட்டால் மீண்டும் ஆக்சைடாகும். ஜாவர் கொல்லர்கள் கத்தரிக்காய் வடிவ மண்வாலைகளில் தாதுக்கலவையை அடைத்து, கழுத்தில் குழாய் பொருத்தி, துளையிட்ட தட்டின்மேல் தலைகீழாக நிறுத்தினர். ஓர் உலைக்கு 36 வாலைகள். ஆவி கீழ்நோக்கி இறங்கிக் குளிர்ந்த அறையில் உலோகமாகப் படிந்தது. பிரிஸ்டலின் வில்லியம் சாம்பியன் துத்தநாக வடிப்புக்குக் காப்புரிமை பெற்ற 1738-க்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இது பெருந்தொழிலாக நடந்தது. சுரங்கப்பணி இன்னும் பழையது. அதன் வரலாறு 2000 ஆண்டுகளைத் தாண்டும்.

தொழில்நுட்ப வரலாறு இத்தோடு பெருமிதத்தில் நின்றுவிடுகிறது. மண்ணின் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது. துத்தநாகத் தாதுவோடு ஈயமும் காட்மியமும் சேர்ந்தே கிடைக்கும். காட்மியத்தின் கொதிநிலை 767 பாகை. எனவே உலையில் அது துத்தநாகத்துக்கு முன்பே ஆவியாகும். அப்படி ஓர் உலோகம் இருப்பதையே 1817-இல்தான் ஸ்ட்ரோமையர் கண்டறிந்தார். ஜாவரின் பழைய உலைகள் அதற்குள் ஏறத்தாழ அணைந்துவிட்டிருந்தன. பெயர் தெரியாத ஒரு நஞ்சைத் தலைமுறை தலைமுறையாகச் சுவாசித்த உழைப்பாளர்களைப் பற்றி நம் நூல்களில் ஒரு பத்தி கூட இல்லை.

இனி அளவுகோலுக்கு வருவோம். இன்று மண்ணாய்வில் பரவலாக எடுத்தாளப்படும் சூழலியல் இடர் குறியீட்டை 1980-இல் லார்ஸ் ஹோகன்சன் உருவாக்கினார். அது சுவீடன் ஏரிகளின் வண்டலுக்காக அமைந்தது, மண்ணுக்காக அன்று. ஓர் உலோகத்தின் அளவைப் பின்னணி மதிப்பால் வகுத்து, அதற்குரிய நச்சுக் காரணியால் பெருக்க வேண்டும். பாதரசத்துக்கு 40, காட்மியத்துக்கு 30, ஈயத்துக்கு 5, துத்தநாகத்துக்கு 1. பின்னணியாக ஹோகன்சன் கொண்டது தொழிற்புரட்சிக்கு முந்தைய வண்டலின் அளவு. காட்மியத்துக்கு அது 1.0 பிபிஎம். நம்மவர் பலர் டுரேக்கியன், வேடபோல் இருவரும் 1961-இல் தந்த ஷேல் பாறைச் சராசரியான 0.3-ஐ எடுத்துக்கொள்கின்றனர்.

விளக்கத்துக்காக மட்டும் ஒரு கணக்கு. ஒரு வயலில் காட்மியம் 3 பிபிஎம் என்க. ஷேல் சராசரியை வைத்தால் இடர் 300, ‘உயர்ந்தது’. ஹோகன்சன் மதிப்பை வைத்தால் 90, ‘குறிப்பிடத்தக்கது’. பழைய கசடு படிந்த அடுக்கை ‘உள்ளூர்ப் பின்னணி’ எனக் கருதி 2 என்று வைத்தால் 45, ‘மிதமானது’. மண் மாறவில்லை, அதில் விளையும் கோதுமையும் மாறவில்லை.

மூன்றாவது தேர்வையே நான் அஞ்சுகிறேன். உள்ளூர்ப் பின்னணி வேண்டும் என்ற வாதம் அறிவியல்முறையில் சரியானது. தாதுவளம் மிக்க நிலத்தில் இயற்கை அளவே கூடுதலாக இருக்கும். ஆனால் ஜாவரில் ‘தொழிலுக்கு முந்தைய’ என்ற சொல்லுக்கு 1960களில் தொடங்கிய நவீன ஆலைகளுக்கு முந்தையது என்று பொருள் கொண்டால், நூற்றாண்டுகளாகப் படிந்த மாசு முழுவதும் இயற்கையாகிவிடும். பழைய மாசு புதிய மாசுக்கு நற்சான்று வழங்கும். மறுபுறம், ஷேல் சராசரியைக் கொண்டால் பாறையின் குற்றத்தையும் இன்றைய ஆலையின்மேல் சுமத்த நேரும்.

துத்தநாகத்தின் காரணி 1 என்பதையும் கவனிக்க வேண்டும். ஷேல் சராசரியான 95 பிபிஎம்மைப் போல 40 மடங்கு, அதாவது 3800 பிபிஎம், சேர்ந்தால்தான் அது ‘குறைந்த இடர்’ வகுப்பையே தாண்டும். துத்தநாகத்தால் வாழ்ந்த ஊரில் துத்தநாகமே குறியீட்டுக்குப் புலப்படாது.

ஆய்வு மாணவர்கள் இங்கே அகழாய்வாளரோடு சேர்ந்து குழி தோண்ட வேண்டும். கசடு அடுக்குக்குக் கீழே, காலம் கணிக்கப்பட்ட மண்ணிலிருந்து ஒரு மதிப்பு, கசடு அடுக்கிலிருந்து ஒன்று, மேல்மண்ணிலிருந்து ஒன்று. மூன்றையும் தனித்தனியே வெளியிட வேண்டும். மாதிரி எடுத்த இடத்தின் சுற்றுப்புறத்தையும் பதிவுசெய்ய வேண்டும். ஏனெனில் ஜாவரில் பழைய வாலைகளை அடுக்கியே வீட்டுச் சுவர்கள் எழுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு மழைக்கும் அச்சுவர்களிலிருந்து என்ன கரைந்து முற்றத்து மண்ணில் இறங்குகிறது என்பதும் அளக்கப்பட வேண்டிய ஒன்று.