ஒரே விதியைத் தேடி



ஈர்ப்பு விசை, மின்காந்த விசை, அணுக்கருவினுள் செயற்படும் வல்விசை, மெல்விசை என இயற்கையின் அடிப்படை விசைகள் நான்கு. இவை ஒரே மூலத்தின் வெவ்வேறு தோற்றங்களா? அறிவியலாளர்கள் இரு நூற்றாண்டுகளாக விடை தேடிவரும் வினா இது.

1820-இல் டென்மார்க்கைச் சேர்ந்த எர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியருகே திசைகாட்டியின் முள் திரும்புவதைக் கண்டார். 1831-இல் பாரடே, காந்தத்தின் அசைவால் மின்னோட்டம் பிறப்பதை நிறுவினார். 1860களில் மேக்சுவெல் இவ்விரண்டையும் சமன்பாடுகளால் இணைத்து, ஒளியும் மின்காந்த அலையே என்று காட்டினார்.

பாரடே அத்துடன் நிற்கவில்லை. ஈர்ப்புக்கும் மின்சாரத்திற்கும் தொடர்புண்டா என்றறியப் பொருள்களை உயரத்திலிருந்து விழச்செய்து சோதித்தார். பலன் கிட்டவில்லை. அத்தோல்வியை மறைக்காமல் 1851-இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார். ஐன்ஸ்டைனும் தம் இறுதி முப்பது ஆண்டுகளை இத்தேடலுக்கே அளித்து, 1955-இல் விடை காணாமலே மறைந்தார்.

பின்னர் கிளாஷோ, வைன்பெர்க், அப்துஸ் சலாம் ஆகிய மூவரின் ஆய்வுகள் மின்காந்த விசையையும் மெல்விசையையும் ஒன்றிணைத்தன. 1979-இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர். அவர்கள் முன்னுரைத்த துகள்கள் 1983-இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் கண்டறியப்பட்டன.

வல்விசையையும் இணைக்க ஜார்ஜியும் கிளாஷோவும் 1974-இல் ஒரு கொள்கையை முன்வைத்தனர். அது மெய்யானால், புரோட்டான் மிக அரிதாகவேனும் சிதைய வேண்டும். அதைக் காண, தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயலின் ஆழத்தில், இந்திய, ஜப்பானிய அறிவியலாளர்கள் 1980களில் கருவி அமைத்துக் காத்திருந்தனர். சிதைவின் அறிகுறிகள் சில தென்பட்டதாக அறிவித்தனர். ஆனால், பிற நாடுகளின் பெரிய கருவிகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. ஜப்பானில் 50,000 டன் நீருடன் 1996 முதல் இயங்கும் சூப்பர் காமியோகாண்டேயும் புரோட்டான் சிதைவை இன்றளவும் கண்டதில்லை. எளிய வடிவிலான அக்கொள்கை கைவிடப்பட்டது.

எனினும் உழைப்பு வீணாகவில்லை. புரோட்டானுக்காக நிறுவிய காமியோகாண்டே கருவிதான், வெடித்த விண்மீனிலிருந்து வந்த நியூட்ரினோக்களை 1987-இல் பதிவு செய்தது. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று.

நம் விடைத்தாள்களில் சரி, தவறு என இரு குறிகளே உள்ளன. 'இன்னும் தேடுகிறார்கள்' என்பதற்குக் குறியில்லை. வகுப்பிலோ வீட்டிலோ ஒரு பிள்ளை விடையற்ற வினாவைக் கேட்டால், அதனை அடக்கிவிடாமல் அவ்வாறே சொல்லலாமே! அதுவும் உண்மையான விடைதான்.