இந்தியாவில் மையப் பணவீக்கத்தை அளவிடுதல்

அடிக்கடி ஏறி இறங்கும் பொருள்களை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றின் நுகர்வோர் விலை ஓராண்டில் எவ்வளவு உயர்ந்தது என்று கணக்கிட்டால் கிடைப்பது மையப் பணவீக்கம். 2023 ஜூலையில் தக்காளி உள்ளிட்ட காய்கறிகளின் விலை எகிறியதால் இந்தியாவின் ஒட்டுமொத்தப் பணவீக்கம் 7.44 சதவீதத்தைத் தொட்டது. வரத்து சீரானதும் செப்டம்பரில் 5.02 சதவீதமாக இறங்கியது. வட்டியை உயர்த்தித் தக்காளி விளைச்சலைப் பெருக்க முடியாது. இத்தகைய தற்காலிக ஏற்றங்களுக்கு அடியில் நிலைத்து நிற்கும் விலைப்போக்கு எது என்று அறியவே ரிசர்வ் வங்கிக்கு இந்த அளவு தேவைப்படுகிறது. 1970-களின் எண்ணெய் விலை அதிர்ச்சிகளை ஒட்டி அமெரிக்காவில் இக்கருத்து வலுப்பெற்றது. பொருளியலாளர் ஆட்டோ எக்ஸ்டைன் 1981-இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணில் உணவு, பானங்களின் எடை 45.86 சதவீதம், எரிபொருள், விளக்கு வகையின் எடை 6.84. இவ்விரண்டும் போக மிஞ்சும் 47.30 சதவீதமே மையப் பகுதி. வீட்டு வாடகை, துணிமணி, புகையிலை, மருத்துவம், கல்வி, போக்குவரத்து முதலியவை அதில் அடங்கும். கணக்கு எளிது. மொத்தக் குறியீட்டெண்ணை 100 ஆல் பெருக்கி, அதிலிருந்து உணவு, எரிபொருள் குறியீடுகளை அவற்றின் எடைகளால் பெருக்கி வந்த தொகைகளைக் கழித்து, மிச்சத்தை 47.30 ஆல் வகுக்க வேண்டும். அந்த எண்ணை முந்தைய ஆண்டின் அதே மாதத்து எண்ணோடு ஒப்பிட்டால் மையப் பணவீக்கம் கிடைக்கும். பணவீக்க விகிதங்களையே நேரடியாகக் கழித்தால் விடை பிசகும்.

ஆனால் எதை ஒதுக்குவது என்பதில்தான் சிக்கல். 2012 தொடரில் ‘எரிபொருள்’ என்ற தலைப்பில் சமையல் எரிவாயு, மண்ணெண்ணெய், விறகு, மின்சாரம் ஆகியவை இருந்தன. வண்டிக்குப் போடும் பெட்ரோலும் டீசலும் போக்குவரத்துப் பிரிவில் இருக்கின்றன. எனவே வழக்கமான முறையில் எரிபொருளை நீக்கிய பிறகும் கச்சா எண்ணெயின் ஆட்டம் மையப் பகுதிக்குள் நுழைந்துவிடுகிறது. தங்கமும் அப்படியே. 2012 தொடரில் அதன் எடை ஏறத்தாழ 1 சதவீதம்தான். ஆனாலும் 2025-இல் அதன் விலை ஏறிய வேகம் மையப் பணவீக்கத்தைத் தெளிவாக உயர்த்திக் காட்டியது. இதனால் பெட்ரோல், டீசல், தங்கம், வெள்ளி ஆகியவற்றையும் நீக்கிய இன்னொரு கணக்கை ரிசர்வ் வங்கியின் ஆய்வுகள் பயன்படுத்துகின்றன. எந்த வரையறை என்று சொல்லாமல் வெளியாகும் மையப் பணவீக்கச் செய்தி அரைகுறைச் செய்தியே.

வாடகையின் கதை இன்னும் நுட்பமானது. அரசுக் குடியிருப்புகளுக்கு ஊழியரின் வீட்டு வாடகைப்படியை அடிப்படையாக வைத்து வாடகை கணக்கிடப்பட்டது. ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி 2017 ஜூலையில் மத்திய அரசு அந்தப் படியை உயர்த்தியதும், சந்தை வாடகை அந்த அளவு ஏறாதபோதே வீட்டுவசதிக் குறியீடு ஏறியது. அந்த விளைவை நீக்கிய மதிப்பீட்டை ரிசர்வ் வங்கி தனியே தர வேண்டியிருந்தது.

முன்கூட்டியே பொருள்களை ஒதுக்காத முறைகளும் உண்டு. ஒவ்வொரு மாதமும் மிக அதிகமாக ஏறியவற்றையும் இறங்கியவற்றையும் இரு முனைகளிலும் வெட்டிவிட்டுச் சராசரி எடுப்பது ஒன்று. எடையிட்ட இடைநிலை விலை மாற்றத்தை எடுப்பது மற்றொன்று. மைக்கேல் பிரையன், ஸ்டீபன் செக்கெட்டி இருவரும் 1990-களில் இவற்றைப் பரவலாக்கினர். உணவின் பங்கு பெரிதாக உள்ள நாட்டுக்கு இவையே கூடுதல் நியாயம் செய்கின்றன. உணவு முழுவதையும் இவை கண்ணை மூடிக்கொண்டு தள்ளுவதில்லை.

அமெரிக்காவில் உணவையும் எரிசக்தியையும் நீக்கினாலும் ஐந்தில் நான்கு பங்கு குறியீடு மிஞ்சும். இந்தியாவிலோ 2012 தொடரில் பாதிகூட மிஞ்சவில்லை. பருப்பும் பாலும் மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே போனால் மக்களின் விலை எதிர்பார்ப்பும் கூலிக் கோரிக்கையும் உயரும். அது மையப் பகுதிக்கும் பரவும். உணவு நீங்கிய பணவீக்கத்தையே இலக்காக வைப்பது பற்றி ஆராயலாம் என 2023–24 பொருளாதார ஆய்வறிக்கை யோசனை கூறியது. ஏழைக் குடும்பத்தின் மிகப் பெரிய செலவை இலக்கிலிருந்து எடுத்துவிடுவது சரியாகாது; மையப் பணவீக்கம் கொள்கைக்கு வழிகாட்டியாக இருந்தால் போதும். உர்ஜித் படேல் குழு 2014-இல் பரிந்துரைத்ததும் ஒட்டுமொத்தக் குறியீட்டெண்ணைத்தான். 2016-இல் திருத்தப்பட்ட ரிசர்வ் வங்கிச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 4 சதவீத இலக்கும் அதற்கே உரியது. 2022-இல் ஒட்டுமொத்தப் பணவீக்கம் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் 6 சதவீத மேல்வரம்பைத் தாண்டியபோது, ரிசர்வ் வங்கி காரணம் விளக்கி அரசுக்கு அறிக்கை அளிக்க வேண்டியதாயிற்று.