திரும்பும் எண்ணத்துடன் புறப்பட்டோர்: இலங்கைத் தோட்டங்களுக்கான குடும்பப் பெயர்ச்சியும் அதன் முன்னேற்பாடுகளும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்திலிருந்து இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் சென்றோர் தம் பயணத்தைத் தற்காலிகப் பிழைப்பாகவே கருதினர். ஆயினும் அவர்களுள் பெரும்பகுதியினர் தலைமுறைகளாக அங்கேயே வாழ நேர்ந்தது. புறப்பாட்டுக்கு முன் நிகழ்ந்த முன்பணம், பதிவு, மருத்துவச் சோதனை ஆகிய ஏற்பாடுகளை ஆராய்ந்து, இம்முரண் தோன்றிய விதத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கங்காணி, முன்பணம், துண்டு, தகர வில்லை, மண்டபம் முகாம், குடியுரிமை.

முன்னுரை

புலம்பெயர்வு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சென்றடைந்த இடத்து வாழ்வையே மையமாகக் கொள்கின்றன. புறப்படும் ஊரில் நிகழ்ந்த ஆயத்தங்கள் அதே அளவு கவனம் பெறவில்லை. ஒரு குடும்பம் எவ்வளவு காலத்திற்குச் செல்வதாக எண்ணியது, எந்த நிபந்தனையில் சென்றது என்பனவற்றை அறிய அவ்வாயத்தங்களே உதவுகின்றன. பிற்காலக் குடியுரிமைச் சிக்கலின் வேரையும் அவற்றில் காணலாம்.

காப்பியிலிருந்து தேயிலைக்கு

காப்பித் தோட்டக் காலத்தில் இலங்கை சென்றோருள் ஆண்களே மிகுதி. அவர்கள் மன்னாரில் கரையிறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, அறுவடைப் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். பசியாலும் நோயாலும் வழியிலேயே பலர் இறந்தனர். 1869இல் தோன்றிய இலைநோய் காப்பிப் பயிரைப் படிப்படியாக அழித்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிர் அதன் இடத்தைப் பிடித்தது.

காப்பி பருவ வேலையைக் கோரியது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகளைக் கோரியது. அப்பணி பெண்களிடம் விடப்பட்டது. சிறுவர்க்கும் தோட்டத்தில் வேலை இருந்தது. ஆகவே தனி ஆளைவிடக் குடும்பமே தோட்டத்திற்குப் பயன்மிக்க அலகாயிற்று. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து குடும்பங்கள் புறப்பட்டமைக்கு இம்மாற்றமே அடிப்படை. பஞ்சமும் நிலமின்மையும் சாதி ஒடுக்குமுறையும் ஊரிலிருந்து தள்ளின. தேயிலையின் தேவை மலையிலிருந்து இழுத்தது.

கங்காணியும் முன்பணமும்

ஆள் சேர்த்தவர் பெரும்பாலும் அதே ஊரினர் அல்லது உறவினர். தோட்டத்தில் தாம் வேலை செய்து திரும்பியதாகக் கூறும் கங்காணியின் சொல்லை ஊரார் நம்பினர். தோட்டத்துரை கொடுத்த பணத்திலிருந்து கங்காணி குடும்பத்தலைவனுக்கு முன்பணம் வழங்கினார். பழைய கடனைத் தீர்க்கவும், துணிமணி வாங்கவும், வழிச்செலவுக்கும் அது பயன்பட்டது. ஊர்க் கடனிலிருந்து விடுபடுவதாகத் தோன்றிய இச்செயல் உண்மையில் கடன்கொடுத்தவரை மட்டுமே மாற்றியது. தோட்டத்தை அடைந்தபின் அரிசியும், மலைக் குளிருக்கான கம்பளியும் அதே கணக்கில் ஏறின.

ஒரு கங்காணியின் ஆள்கள் வேறு தோட்டத்திற்கு மாற விரும்பினால், அவர்களது கடனைச் செலுத்துவோருக்கு அவர்களை விடுவிப்பதாகத் துரை எழுதித் தந்த சீட்டே ‘துண்டு’ எனப்பட்டது. தொழிலாளியோடு அவரது கடனும் தோட்டம்விட்டுத் தோட்டம் சென்றது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டு முறை தடைசெய்யப்பட்டது.

இங்கு ஒரு முரண் கருதத்தக்கது. 1889ஆம் ஆண்டின் 13ஆம் எண் கட்டளைச் சட்டம் தொழிலாளியின் வேலை ஒப்பந்தத்தை மாத ஒப்பந்தமாகவே கொண்டது. மொரீசியசு, பிஜி ஆகிய இடங்களுக்குச் சென்றோரைப் போல ஐந்தாண்டு ஒப்பந்தம் இவர்களுக்கில்லை. சட்டத்தின்படி ஒரு மாத முன்னறிவிப்பில் வெளியேறலாம். கடனின்படி அது தீரும்வரை வெளியேற இயலாது.

தகர வில்லையும் மண்டபமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர வில்லை முறை நடைமுறைக்கு வந்தது. தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த அவ்வில்லையை வைத்திருப்பவர் கையில் காசின்றியே தோட்டம்வரை அனுப்பப்பட்டார். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. 1904இல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தொழில் ஆணையம் அமைக்கப்பட்டது. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பற்போக்குவரத்தும் தொடங்கியபின் பயணம் சுருங்கியது.

மண்டபம் முகாமில் குடும்பங்கள் சில நாள் தங்கவைக்கப்பட்டன. அம்மை குத்துதல், ஆடைகளை நோய்க்கிருமி நீங்கச் செய்தல், கொக்கிப்புழுவுக்கு மருந்தளித்தல் ஆகியன அங்கு நிகழ்ந்தன. சொந்த ஊரில் சாதியாலும் உறவாலும் அறியப்பட்டவர்கள் முதன்முறையாக எண்ணாலும் உடல்நிலையாலும் வகைப்படுத்தப்பட்ட இடம் இதுவே. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தையொட்டி, ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியின் கடனாக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. அதற்கெனத் தோட்டங்களின் பங்களிப்பில் தனி நிதியம் ஏற்பட்டது.

தற்காலிகம் என்னும் சொல்லின் விலை

ஊர் அருகிலிருந்ததால் திருமணம், குலதெய்வ வழிபாடு, இறப்பு ஆகியவற்றிற்கு ஊர் சென்று திரும்புவது பிற குடியேற்ற நாடுகளைவிட இங்கு எளிதாயிற்று. இப்போக்குவரத்தே அவர்கள் நிலையற்றவர்கள் என்னும் வாதத்திற்குச் சான்றாகவும் காட்டப்பட்டது. டொனமூர் சீர்திருத்தத்தின்போது, இலங்கையில் நிலையான ஈடுபாடு உடையவர் யார் என்பது வாக்குரிமை விவாதத்தின் மையமாயிற்று. 1939இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடைசெய்தது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மூதாதையர் இலங்கையில் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வசிப்போர் சட்டம் மணமானோரிடம் ஏழாண்டும் ஏனையோரிடம் பத்தாண்டும் தொடர்ச்சியான வசிப்பைக் கோரியது. வாய்மொழியாகவும் கங்காணியின் கணக்கேட்டிலும் நடந்து முடிந்த பெயர்ச்சிக்கு எழுத்துச் சான்று காட்டுவது பலருக்கு இயலாததாயிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. 1,50,000 பேரின் நிலை பின்னர் முடிவுசெய்ய விடப்பட்டது. ஊர் என்பதைப் பெற்றோர் சொல்லக் கேட்டு மட்டுமே அறிந்தோரும் ‘தாயகம் திரும்புவோர்’ ஆயினர்.

முடிவுரை

இப்பெயர்ச்சியில் மூன்று கால அளவுகள் ஒரே நேரத்தில் இயங்கின. ஒப்பந்தம் மாதக் கணக்கில் அமைந்தது. கடன் ஆண்டுக் கணக்கில் நீண்டது. குடும்பம் தலைமுறைக் கணக்கில் வேரூன்றியது. தோட்டங்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் பயன்படுத்திக்கொண்டன. அரசுகள் உரிமை வழங்கும் வேளையில் முதலாவதையே நினைவுகூர்ந்தன. எனவே மலையகத் தமிழரின் குடியுரிமைச் சிக்கலை 1948இலிருந்து மட்டும் தொடங்கி ஆராய்வது போதாது; அதன் தொடக்கம் தமிழகக் கிராமத்தில் முன்பணம் கைமாறிய நாளிலேயே அமைந்துள்ளது.