நான்கெல்லையை நடந்து பார்த்த காலம்

கும்பகோணத்தில் என் அப்பா பத்திர எழுத்தர். அவருக்குப் பிறகு அதே மேஜையில் உட்கார்ந்து நானும் எழுதினேன். வீடு வாங்குகிறவர்கள் இப்போது என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, பட்டாவும் ஆன்லைன்ல இருக்கு. இன்னும் என்ன சார் பார்க்கணும்?" இதற்குக் காவிரிக்கரையில் ஆயிரம் வருஷமாகப் பதில் எழுதி வைத்திருக்கிறார்கள், செப்பேட்டிலும் கோயில் சுவரிலும் ஓலையிலும் முத்திரைத்தாளிலும். அந்த எழுத்துக்கு முன்னால் ஒரு நடை இருந்தது. வாங்குகிறவன், விற்கிறவன், அக்கம்பக்கத்தார் எல்லோரும் சேர்ந்து நடந்த நடை. அது போனதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

சோழர் காலத்தில் ஒரு ஊரைத் தானம் கொடுத்தால் ஒரு பெண் யானையை எல்லை நெடுக நடத்தினார்கள். அதிகாரிகளும் ஊர்க்காரர்களும் கூடவே நடந்தார்கள். நடந்த வழியில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். இதற்குப் 'பிடி சூழ்தல்' என்று பெயர். ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டைப் படித்தால், இந்த வாய்க்காலுக்குத் தெற்கு, இந்த வரப்புக்கு மேற்கு என்று எல்லை ஏடு ஏடாக ஓடும். விலைக்கு வாங்கிய மனைக்கு யானை வராதுதான். ஆனால் கோயில் சுவரில் உள்ள விலையாவணங்களும் கீழ்பாற்கெல்லையில் தொடங்கி நான்கு திசையும் சுற்றி வரும். மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் உட்பட விற்றோம் என்று சொல்லும். இது தவிர வேறு விலை ஓலை எதுவும் காட்டக் கடவதில்லை என்றும் உறுதி சொல்லும். வாங்கியவன் எதற்கெல்லாம் பயந்தானோ அதெல்லாம் அந்த வரிகளில் இருக்கிறது. கிணறு யாருடையது, மரம் யாருடையது, நாளைக்கு இன்னொருத்தன் இன்னொரு ஓலையோடு வந்து நிற்பானா?

பின்னால் விஜயநகரக் காலத்திலும் மராட்டியர் காலத்திலும் நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம், அக்ஷீணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்று எட்டு பாத்தியங்களை வரிசையாக எழுதினார்கள். புதையலும் தண்ணீரும் கல்லும் இன்றைய பலனும் நாளைய பலனும் அதற்குள் அடக்கம். என் அப்பா இந்த எட்டையும் ஒரே மூச்சில் எழுதுவார். எழுதுவதற்கு முன்னால் விற்பவரைப் பார்த்து, "கிணத்துல முழு பாத்தியமா, பாதி பாத்தியமா?" என்று கேட்பார். இன்று பல பத்திரங்களில் அந்த எட்டு சொல்லும் கம்ப்யூட்டரில் தானாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. கிணற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

சென்னை மாகாணத்தில் 1802-லேயே பத்திரப் பதிவுக்கு ஒரு ஒழுங்குவிதி வந்துவிட்டது. ஆனால் பதிவு கட்டாயமில்லை. 1864-ஆம் ஆண்டுச் சட்டம்தான் நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள அசையாச் சொத்துக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. 1882-இல் சொத்து மாற்றுச் சட்டம், 1908-இல் இன்றும் நடப்பில் உள்ள பதிவுச் சட்டம். ஏழைக்கு இது பெரிய காவல். ஊர்ப் பெரியவர் பேச்சு மாறினாலும் சார்பதிவாளர் அலுவலகத்துப் புத்தகம் மாறாது. இதை நான் மனதாரச் சொல்கிறேன். ஆனால் அதுவரை எல்லைக்குச் சாட்சியாக இருந்த பக்கத்து வீட்டுக்காரர் மெல்ல மெல்ல வெளியே போனார். பழைய பத்திரங்களில் சாட்சிக் கையெழுத்து கீழண்டை வீட்டுக்காரருடையது, மேலண்டை வீட்டுக்காரருடையது. அவர் கையெழுத்துப் போட்டால் செக்குபந்தியில், அதாவது நான்கெல்லை விவரத்தில், அவருக்குத் தகராறில்லை என்று ஊர் எடுத்துக்கொள்ளும். இப்போது சாட்சி போடுகிறவர் பெரும்பாலும் ஆபீஸ் வாசலில் நிற்கிறவர். அவர் அந்தத் தெருவையே பார்த்திருக்க மாட்டார்.

எங்கள் ஊர்ப் பழைய தெருக்களில் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்காமல் வீடு வாங்குவது எப்படி என்று எனக்குப் புரிவதே இல்லை. துக்காம்பாளையத் தெரு, டபீர் தெரு எல்லாம் வரிசை வீடுகள். அகலம் கொஞ்சம், நீளம் அதிகம். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கிணற்றடி, கொல்லை என்று வாசலிலிருந்து நேராகப் பின்னால் போகும். சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வாழ்ந்த வீட்டை நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். இந்த அமைப்பை அங்கே போய்ப் பார்க்கலாம். இப்படிப்பட்ட வரிசையில் இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர்தான் இருக்கும். பத்திரத்தில் 'பொதுச்சுவர்' என்று ஒரு சொல் வரும், அல்லது 'பாதிச் சுவர்' என்று. அந்தச் சுவரில் இந்தப் பக்கம் உங்கள் உத்திரம் உட்கார்ந்திருக்கிறது, அந்தப் பக்கம் அவருடையது. நீங்கள் பழைய வீட்டை இடித்துக் கான்கிரீட்டில் கட்ட நினைத்து வாங்கினால், சுவரில் கை வைத்த அன்றைக்கே அவர் வீட்டுக் கூரை ஆட்டம் காணும். அவர் கோர்ட்டுக்குப் போவார். போகாமல் என்ன செய்வார்?

ஓட்டுத் தண்ணீரும் அப்படித்தான். அவர் வீட்டுக் கூரைத் தண்ணீர் உங்கள் முற்றத்தில் விழுந்து, உங்கள் கொல்லை வழியாகச் சாக்கடைக்குப் போகிறதா? இருபது வருஷம் தடையில்லாமல் உரிமையாகப் போயிருந்தால் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி அது அவருடைய பாத்தியமாகிவிடும். இது எந்த வில்லங்கச் சான்றிலும் வராது. முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியும்.

அப்பா வீட்டைப் பார்க்கப் போகும்போது ஒரு ஆசாரியையும் கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு போவார். சின்ன வயதில் நானும் பின்னாலேயே போவேன். ஆசாரி ஏணி போட்டு ஏறியதும் உத்திரத்தின் நடுவைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நடுப்பகுதி எப்போதும் பளபளவென்றுதான் இருக்கும், எண்ணெய்கூடப் போட்டிருப்பார்கள். அவர் பார்ப்பது முனையை, மரம் சுவருக்குள் நுழைகிற அந்த ஒரு சாணை. சுவரின் ஈரத்தை மரம் குடிக்கிற இடம் அது. கரையானும் அந்த வழியாகத்தான் ஏறும். உளிப்பிடியால் தட்டுவார். கணீரென்று கேட்டால் அடுத்த உத்திரத்துக்கு நகர்வார். சத்தம் பொத்தென்று அமுங்கினால் உளி முனையை லேசாகக் குத்துவார். இரும்பு தானாக உள்ளே போகும். "மேல தேக்குங்க ஐயா, உள்ள மாவு" என்பார். கொத்தனாருக்கு வேறு வேலை. மெட்ராஸ் டெரஸ் என்கிற கூரையில் தேக்குச் சட்டங்களுக்கு மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் பிணைப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். தட்டோட்டுக்கு நடுவில் விரிசல் விட்டால் சட்டங்களுக்கு இடையே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு வழிந்த கறை தெரியும். கொத்தனார் தேடுவது அந்தக் கறையை. விற்பதற்கு முன் வெள்ளையடித்த வீடென்றால் இன்னும் கூர்ந்து பார்ப்பார்.

சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசிய வீடுகளைப் பார்த்தால் எனக்கே பதறும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். சிமெண்ட் அதன் வாயை அடைத்துவிடும். பூச்சு புதுசாக இருக்கும். உள்ளே உப்புப் பூத்துச் செங்கல் உதிர்ந்துகொண்டிருக்கும்.

கொல்லைக்கு வருகிறேன். பழைய பத்திரத்தில் கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்று இருக்கும். டேப் வைத்து அளந்தால் சில வீடுகளில் பின்பக்கம் நாலைந்து அடி கூடுதலாக வரும். வாங்குகிறவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்த நாலடி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பல தெருக்களில் இரண்டு வரிசை வீடுகளின் கொல்லைக்கு நடுவே ஒரு சந்து ஓடியது. எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்தில், சாதியின் பேரால் அந்த வேலை சுமத்தப்பட்ட மனிதர்கள் கூடையோடு நடந்த வழி அது. அவர்களுக்குத் தெரு வாசல் கிடையாது, அந்தச் சந்துதான். அந்தக் கொடுமையைச் சட்டம் தடை செய்தது 1993-இல்தான், 2013-இல் இன்னும் கடுமையாக. கக்கூஸ் மாறியதும் சந்துக்கு வேலையில்லாமல் போனது. ஆளுக்கு ஒரு பாதியாக உள்ளே இழுத்துக்கொண்டு மதில் எழுப்பினார்கள். ஆனால் நகராட்சிச் சந்து நகராட்சியுடையதுதான். டவுன் சர்வே வரைபடத்தை வாங்கிப் பாருங்கள், சந்து அதில் அப்படியே இருக்கும்.

கோயில் ஊர்களில் இன்னொரு கேள்வியும் உண்டு: வீடு உங்களுடையது, அடிமனை யாருடையது? கும்பகோணம், மயிலாடுதுறை, ஸ்ரீரங்கம் பக்கமெல்லாம் கட்டடத்தைக் கட்டியவர் ஒருவர், மனை கோயிலுடையது அல்லது மடத்துடையது என்று தலைமுறையாக இருக்கிற வீடுகள் உண்டு. மனைக்கு வாடகை கட்டிக்கொண்டு வருவார்கள். விற்கும்போது 'வீடு விற்பனை' என்றுதான் தரகர் சொல்வார். 1921-ஆம் ஆண்டு நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் இப்படி மனையில் கட்டடம் கட்டியவருக்கு அந்த மனையையே விலைக்குக் கேட்க வழி வைத்தது. 1996-இல் வந்த திருத்தம் கோயில், மடம் போன்ற சமய நிறுவனங்களின் மனைகளை அதிலிருந்து எடுத்துவிட்டது. 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டப்படி ஆணையர் அனுமதியில்லாமல் கோயில் நிலத்தை விற்றால் செல்லாது. மூலப்பத்திரத்தில் 'அடிமனை நீங்கலாக' என்று ஒரு சொல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிஷம் போதும்.

என் மேஜைக்கு வந்த பழைய பத்திரங்களில் என்னை அதிகம் உறுத்தியது பெண்களின் கையெழுத்து இல்லாமைதான். அப்பா, மூன்று மகன்கள் எல்லோரும் போட்டிருப்பார்கள். மகள்கள் வீட்டில் பிறந்ததாகவே தெரியாது. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில், அதற்குமுன் மணமாகாத மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு வந்தது. 2005-இல் மத்தியச் சட்டம் மணமான மகளுக்கும் சேர்த்துக் கொடுத்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமை பிறப்பால் வருவது என்று உறுதியாகச் சொன்னது. ஆகவே வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொரு பெயரையும் நேரில் பாருங்கள். "அவங்க கேட்க மாட்டாங்க சார், வசதியா இருக்காங்க" என்று அண்ணன் சொல்வதை நான் பத்திரத்தில் எழுத முடியாது. மைனர் பங்கு இருந்தாலும் அப்படித்தான். 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோர்ட் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை பதினெட்டு தாண்டி மூன்று வருஷத்துக்குள் வந்து விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். இதெல்லாம் வாங்குகிறவரைக் காப்பதற்கு மட்டுமில்லை, அந்தத் தங்கைக்கும் பிள்ளைக்கும் நியாயம் கிடைப்பதற்கும்தான்.

வீட்டில் யார் குடியிருக்கிறார் என்பதும் சாதாரணக் கேள்வியில்லை. 1929-இல் சொத்து மாற்றுச் சட்டத்தைத் திருத்தியபோது, ஒரு சொத்தை நேரில் அனுபவித்து வருகிறவருக்கு என்ன பாத்தியம் உண்டோ அது வாங்குகிறவருக்குத் தெரிந்ததாகவே கொள்ளப்படும் என்று எழுதிவிட்டார்கள். மாடியில் இருப்பவர் வாடகைக்காரர்தான் என்று விற்பவர் சொன்னால் மாடிக்குப் போய் அவரிடமே கேளுங்கள். ஒருவேளை அவர் ஏற்கனவே கிரைய ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுத்தவராக இருக்கலாம். அசல் பத்திரத்தையும் கையில் வாங்கிப் பாருங்கள், ஜெராக்ஸ் வேண்டாம். கடனுக்கு ஈடாக அசலை ஒருவரிடம் ஒப்படைத்தாலே அடமானமாகிவிடும் என்று சட்டம் சில நகரங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. சென்னை அவற்றில் ஒன்று. அப்படி வைத்ததெல்லாம் வில்லங்கத்தில் ஏறியிருக்கும் என்று நம்ப முடியாது.

வாங்க இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஐப்பசி மழையில் ஒரு தரம் அந்த வீட்டுக்குப் போங்கள். மூலப்பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கீழண்டை, தெற்கு, மேலண்டை, வடக்கு என்று நான்கு பக்கமும் நடங்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "இந்த வீட்டை வாங்கலாம்னு இருக்கோம்மா, சுவர், தண்ணி, வழி எதுலயாவது பேச்சு இருக்கா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் உட்காரவைத்துச் சொல்வார்கள். இன்று இந்தத் தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். செக்குபந்தியைப் பழைய பத்திரத்திலிருந்து அப்படியே நகல் எடுக்காதீர்கள். கீழண்டை வீட்டுக்காரர் என்று அதில் உள்ளவர் எப்போதோ இறந்திருப்பார், அந்த வீடு இரண்டு கை மாறியிருக்கும். ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.