மூணு கால் அடிபம்பும் மெட்ராஸும்

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அடிபம்பை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. லாரி வந்தால் தெருமுனை சின்டெக்ஸ் டேங்க், வரலைன்னா அடிபம்பு. தண்ணி பல தெருவில் உப்புக் கரிக்கும். அது வேற கதை, கடைசியில் வர்றேன்.

இந்தப் பதிவு அந்தப் பம்பைப் பற்றியது. தரையில் ஊன்றிய மூணு கால், அதுக்கு மேல தண்ணி வர்ற டேங்க், உச்சியில் ஒரு இரும்புப் பெட்டி, அதிலிருந்து நீட்டிக்கிட்டு இருக்கற கைப்பிடி. அதன் பெயர் 'இந்தியா மார்க் 2'. உலகத்திலேயே அதிகமாகப் புழங்குற கைப்பம்புகளில் ஒண்ணு. வடிவம் பெற்றது நம்ம மெட்ராஸில். ஆனால் மெட்ராஸுக்காகச் செய்ததில்லை. தண்ணியில்லாத கிராமங்களுக்காகச் செய்தது.

1966-67-ல் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியிலும் பெரிய வறட்சி. ஊர்க் கிணறெல்லாம் வற்றிப்போச்சு. பாறை நிலத்தில் கிணற்றை ஆழப்படுத்தணும்னா வெடி வைத்து, கையால் கல் அள்ளி, மாசக்கணக்கில் வேலை. அப்போதான் யுனிசெஃப் 1967-ல் காற்றழுத்தத்தில் பாறையைத் துளைக்கும் ரிக் வண்டிகளைக் கொண்டு வந்தது. மாசக்கணக்கு வேலை ஓரிரு நாளில் முடிந்தது. இன்னிக்கு திருச்செங்கோட்டு போர் வண்டிகள் இந்தியா முழுக்கச் சுத்துதே, அந்தத் தொழில்நுட்பத்தின் ஆரம்ப காலம் இது.

துளை போட்டாச்சு, பிரச்சினை தீர்ந்ததுன்னு நினைச்சாங்க. தீரலை. துளை மேல வைத்த பம்பு நிக்கலை.

அப்போது மாட்டியது வார்ப்பிரும்புப் பம்புகள். மேல்நாட்டில் ஒரு பண்ணை வீட்டுக் குடும்பம் நாளைக்குச் சில தடவை அடிப்பதற்காக வடிவமைத்ததின் நகல். இங்கே ஒரு ஊரே விடியலில் ஆரம்பித்து இருட்டும் வரை அடிக்கும். போல்ட் தேய்ந்து, கைப்பிடி உடைந்து, சில மாசத்தில் பம்பு செத்துப்போகும். 1970களின் நடுவில் கணக்கெடுத்துப் பார்த்தபோது, முக்கால்வாசிப் பம்புகள் வேலை செய்யாமல் கிடந்தன. ஒரே ஒரு யூசரை வைத்து டெஸ்ட் பண்ணின சாஃப்ட்வேரை ஆயிரம் பேருக்குத் திறந்துவிட்டால் என்ன ஆகும்னு எங்க தொழிலில் இருக்கறவங்களுக்குத் தெரியும் :-) அதேதான். வித்தியாசம் என்னன்னா, இங்கே சர்வர் படுத்தால் ஒரு பெண் மைல் கணக்கில் குடத்தோடு நடக்கணும்.

இதற்கான முதல் விடை எந்த ஆராய்ச்சிக்கூடத்திலிருந்தும் வரலை. மகாராஷ்டிராவில் ஜால்னா, சோலாப்பூர் ஊர்களில் இருந்த மிஷன் பட்டறைகளிலிருந்து வந்தது. பல இடத்தில் தேயும் மூட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே ஒரு அச்சு, வார்ப்பிரும்புக்குப் பதில் வெல்டிங் செய்த ஸ்டீல், கைப்பிடிக்கும் உள்ளே போகும் கம்பிக்கும் நடுவில் ஒரு செயின்.

அந்தச் செயின்தான் விஷயமே. நம்ம வீட்டு வாசலில் மெட்ரோ வாட்டர் லைனில் மாட்டியிருக்கும் சின்னப் பம்பு தண்ணியை உறிஞ்சுகிறது. உறிஞ்சி மேலே கொண்டுவர இருபத்தஞ்சு அடிக்கு மேல் முடியாது, காற்றழுத்தம் அவ்வளவுதான் தூக்கும். ஆழமான போருக்கு, சிலிண்டரையே தண்ணிக்குள் இறக்கி, அங்கிருந்து தூக்கணும். கைப்பிடியை அழுத்தினால் செயின் கம்பியை மேலே இழுக்கும். விட்டால் கம்பி தன் எடையிலேயே கீழே இறங்கும். செயின் வளைந்த தகட்டின் மேல் படிந்து போவதால் கம்பி எப்பவும் நேர்க்கோட்டில் போகும். பக்கவாட்டு இழுப்பு கிடையாது, தேய்மானம் குறைவு. கனமான கைப்பிடியே எதிர் எடை.

சோலாப்பூர் பம்பை அடிப்படையாக வைத்து, யார் வேணும்னாலும் ஒரே மாதிரி செய்யக்கூடிய பம்பாக மாற்றும் வேலை மெட்ராஸில் நடந்தது. மூணு பேர் கூட்டு: யுனிசெஃப், இங்கே இருந்த மெராடோ என்ற இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், அரசு நிறுவனமான ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸின் மெட்ராஸ் பிரிவு. மாதிரிப் பம்புகளைக் கோவை வட்டாரத்தில் போட்டுப் பார்த்தார்கள். நீர்மட்டம் ரொம்பக் கீழே, கூட்டமும் அதிகம். அங்கே தாங்கினால் எங்கேயும் தாங்கும். 1977-78 வாக்கில் பெரிய அளவில் உற்பத்தி ஆரம்பம்.

அடுத்து செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. யாரும் பேடண்ட் வாங்கலை. 1979-ல் ஐ.எஸ். 9301 என்று இந்தியத் தர நிர்ணயமே வந்துவிட்டது. எந்தக் கம்பெனியும் செய்யலாம், ஆனா அளவு மாறக்கூடாது. ஒருத்தர் செய்த பம்பின் செயின் இன்னொருத்தர் பம்பில் பொருந்தணும். 'ஓப்பன் சோர்ஸ்' என்ற வார்த்தை புழக்கத்துக்கு வருவதற்கு இருபது வருஷம் முன்னாடி! 1990களின் நடுவுக்குள் சுமார் 50 லட்சம் பம்புகள் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தன. உகாண்டாவில் இதையே 'யூ 2' என்ற பெயரில் தங்கள் தரமாக வைத்துக்கொண்டார்கள்.

பம்பு மட்டும் போதலை. பராமரிப்புக்கு மூணு அடுக்கு முறை ஒன்று தமிழ்நாட்டில் வந்தது. ஊரில் பம்பைக் கவனிக்க ஒருவர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்ட அளவில் வண்டியோடு ஒரு குழு. நூறடி ஜி.ஐ. பைப்பை வெளியே இழுக்கணும்னா ஒரு ஆளால் ஆகாது, அதனால்தான் வண்டி. பின்னாளில் உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில், மகிளா சமக்யா திட்டத்தில், கிராமத்துப் பெண்களே மெக்கானிக் ஆனார்கள். எங்க ஆயா, "அடிக்கிறது நாங்க, அது கெட்டா ஆம்பள வரணுமா?" என்று கேட்கும். பாந்தா பெண்களின் பதில்: வேணாம்.

இதனால் என்ன ஆச்சு? நரம்புச் சிலந்தி நோயைக் கேள்விப்பட்டிருப்பீங்க. படிக்கட்டுக் கிணற்றில் காலை நனைத்து மொண்டு குடிக்கும் தண்ணி மூலமாகப் பரவும் புழு, காலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதற்கு மருந்து கிடையாது, நல்ல தண்ணிதான் மருந்து. இந்தியாவின் கடைசி நோயாளி 1996-ல். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. அந்த வெற்றியில் கைப்பம்புக்குப் பங்கு உண்டு. ஊர்ப் பொதுக்கிணற்றில் கை வைக்க விடாத சேரிகளுக்குள் முதல்முதலாகச் சொந்தமாகத் தண்ணி வந்ததும் பல இடத்தில் இந்தப் பம்பால்தான்.

ஆனால் கதை முழுக்க இனிப்பில்லை. மார்க் 2 ஏறக்குறைய 150 அடி வரைதான் வசதியாகத் தூக்கும். பக்கத்து வயலில் மோட்டார் போட்டு உறிஞ்சினால் நீர்மட்டம் அதுக்கும் கீழே போயிடும், பம்பு வெறும் காற்றை அடிக்கும். ஆழத்துப் பாறைத் தண்ணியில் ஃபுளோரைடு இருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரியில் பல்லும் எலும்பும் கெட்டதால் காவிரித் தண்ணியைக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் திறந்தது.

நம்ம பக்கம் வேற மாதிரி. 1969 வாக்கில் மீஞ்சூர் வட்டாரத்தில் ஆழ்கிணறுகள் போட்டு மணலி ஆலைகளுக்குத் தண்ணி எடுத்தாங்க. மேலிருந்து எடுக்க எடுக்க, கீழே கடல் உள்ளே வந்தது. அந்த வருஷம் கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. வரை இருந்த உப்பு நீர், 1980களின் கடைசியில் சுமார் 9 கி.மீ. வரை வந்துவிட்டது. கிராமத்துக் கிணறு உப்பானது, ஆலைக்காக. 2010-ல் அதே மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில், நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தாங்க. தண்ணி கிடைத்தது, கிலோ லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசுக்கு.

2019 முதல் வீட்டுக்கு வீடு குழாய் என்று ஜல் ஜீவன் திட்டம் நடக்குது. நல்லதுதான், யாரும் வாழ்நாள் முழுக்கப் பம்படிக்க வேணாம். ஆனா 1970களில் செத்துக் கிடந்த அந்த முக்கால்வாசிப் பம்பும் ஒரு காலத்தில் 'போட்டாச்சு'ன்னு கணக்கில் எழுதினதுதான். குழாய் போட்ட கணக்கு எல்லா ஆபீஸிலும் இருக்கும். கெட்டுப்போனா நாளைக்குக் காலையில் ஸ்பேனரோட யார் வருவாங்கன்னு கேட்டுப் பாருங்க.

உங்க தெரு மூணுகாலி இன்னும் உயிரோட இருக்கா? நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா? சொல்லிட்டுப் போங்க.