தலைக்கனம்

மனிதனுக்குத் தலைக்கனம் கூடாது என்று சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். இசைத்தட்டுப் பெட்டிக்கும் அது கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் வந்த வினையைக் கேளுங்கள்.

தாத்தாவிடம் ஒரு நாதஸ்வர இசைத்தட்டு இருந்தது. ஒரு சித்திரை மாதம் ஜன்னலோரத்து வெயில் பட்டு, அது பொரித்த அப்பளம் மாதிரி நடுவில் உயர்ந்து, ஒரு பக்கம் கோணலும் ஆகிவிட்டது. சுற்றும்போது ஊசி படகைப் போல ஏறி இறங்கும்; துள்ளிக் குதித்து அடுத்த கோட்டுக்குப் போய்விடும். எனக்கு அப்போது ஏழெட்டு வயது. ஊசி மாட்டியிருந்த தலையின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தேன். துள்ளல் நின்றுவிட்டது! கோடை விடுமுறை முழுவதும் அப்படியே கேட்டேன். பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில், நாயனம் உச்சிக்குப் போகும் இடங்களிலெல்லாம் வெங்காயம் வதக்குகிற சத்தம் வர ஆரம்பித்தது.

தாத்தா நாணயத்தைப் பார்த்தார். அடிக்கவில்லை. "பாரத்தைத் தப்பான இடத்திலே வெச்சுட்டியேடா" என்று மட்டும் சொன்னார். சரியான இடம் எது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷங்கள் ஆயின.

இந்தத் தட்டைக் கண்டுபிடித்த எமில் பெர்லினர் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர். எடிசன் 1877-ம் வருஷம் உருளையில் குரலைப் பிடித்தார். பெர்லினரோ 1887-ல் தட்டையான தகட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். முதலில் அவர் கெட்டி ரப்பரில் தட்டுச் செய்து பார்த்தார். அது சரியாக அச்சில் படியவில்லை. 1890-களின் பிற்பகுதியில், பொத்தான் செய்யும் ஒரு கம்பெனியார் கையாண்ட அரக்குக் கலவைக்கு மாறினார். அந்த அரக்கு எங்கிருந்து போயிற்று என்கிறீர்கள்? பெரும்பாலும் நம் தேசத்திலிருந்துதான். சோட்டா நாகபுரிக் காட்டு மரங்களில் ஒட்டி வாழும் பூச்சிகள் தந்த அரக்கில்தான் உலகத்துப் பாடகர்கள் எல்லாரும் பாடினார்கள்.

அரக்குத் தட்டு முரட்டுப் பிள்ளை. கல்தூள் கலந்து செய்தது. ஊசியின் மேல் நூறு கிராமுக்கும் அதிகமான பாரம் அழுத்தும். தேய்வது இரும்பு ஊசிதான். அதனால்தான் பக்கத்துக்கு ஓர் ஊசி மாற்றினார்கள். தலைக்கனம் அந்தக் காலத்தில் குற்றமாக இருக்கவில்லை.

1948-ல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி நீண்ட நேரத் தட்டைக் கொண்டுவந்தது. அரக்குப் போய் வினைல் வந்தது. நிமிஷத்துக்கு 78 சுற்று என்பது 33⅓ ஆயிற்று; மூன்று நிமிஷத்தில் ஓய்ந்த பக்கம் இருபது நிமிஷத்துக்கு மேல் பாடியது. ஊசிமுனை பழையதில் மூன்றில் ஒரு பங்காகச் சிறுத்தது. வினைல் மென்மையான சரக்கு. நல்ல கருவிகளில் ஊசியின் பாரம் நாளடைவில் ஒன்றரை, இரண்டு கிராமுக்கு இறங்கிற்று. எங்கள் வீட்டுப் பெட்டியின் ஊசி ஐந்தாறு கிராம் அழுத்தியிருக்கும். அதன் மேல் நான் வைத்த நாணயமோ குறைந்தது ஆறு கிராம்!

சரி, பாரத்தை வைக்க வேண்டிய இடம்தான் எது? தட்டின் நடுவில், பெயர்ச்சீட்டின் மேல். சுழல்மேடையின் நடுக்குச்சியில் மாட்டும்படி ஓட்டை போட்ட உலோகக் கட்டி ஒன்று உண்டு. ஜப்பானில் ஆடியோ டெக்னிகா கம்பெனி செய்த ஒன்று 600 கிராம். ஊசி கோட்டில் உரசிப் போகும்போது தட்டே மெல்ல அதிர்கிறது. ஒலிபெருக்கியின் சத்தமும் அதை வந்து ஆட்டுகிறது. இந்த நடுக்கம் ஊசி வழியாகத் திரும்பவும் பாட்டில் கலக்கிறது. பாரம் தட்டை விரிப்போடு அணைத்து உட்காரவைத்தால் நடுக்கம் குறையும். நடு உயர்ந்த தட்டு கொஞ்சம் பணியும். விளிம்பு மட்டும் துள்ளுகிற தட்டுக்கு இதனால் பெரிதாகப் பயன் இல்லை. அதற்கு விளிம்பைச் சுற்றி வளையம் போட்டார்கள். 1980-ஐ ஒட்டி ஜப்பானியர் காற்றை உறிஞ்சித் தட்டை மேடையோடு ஒட்டவைக்கவும் செய்தார்கள்.

எல்லாப் பெட்டிக்கும் இது பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். 1961-ல் எட்கர் வில்சூர் என்பவரின் கம்பெனி அமெரிக்காவில் ஒரு சுழல்மேடையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் மேடை ஸ்பிரிங்குகளின் மேல் தொங்குகிறது. அந்த ஜாதிப் பெட்டியில் அரைக் கிலோவை ஏற்றினால் ஸ்பிரிங் தாழ்ந்து மட்டம் கெட்டுவிடும். அவற்றுக்குப் பாரத்தை விட, நடுக்குச்சியைப் பற்றிப் பிடிக்கும் லேசான பிடிப்பானே நல்லது. மேடையைத் தாங்கும் அச்சு மெலிந்ததாக இருந்தாலும் பாரத்தைத் தவிர்ப்பதே உத்தமம்.

1982-ல் குறுந்தகடு வந்ததும் இந்தச் சங்கதிகளுக்கெல்லாம் கருமாதி ஆயிற்று என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் 2022-ல் அமெரிக்காவில் வினைல் தட்டுகள் 4 கோடிக்கு மேல் விற்று, குறுந்தகடுகளை எண்ணிக்கையில் முந்திவிட்டன. பாரங்களும் மறுபடி கடைக்கு வந்துவிட்டன.

நானும் ஒன்று வாங்கினேன். அதை வாங்கியது எதற்கென்று உங்களுக்குத் தெரியாதா? தாத்தாவின் தட்டை எடுத்துத் துடைத்து, நடுவில் பாரத்தை வைத்தேன். தட்டு பணிந்தது. ஊசி துள்ளவில்லை. தவில் கெட்டியாக, கிட்டத்தில் கேட்டது. ஒரு நிமிஷம் எல்லாமே சரியாகிவிட்டது போலத் தோன்றிற்று. அப்புறம் நாயனம் மேலே ஏறியது. அதே வெங்காயச் சத்தம்!

வெயில் செய்த கோணலுக்குப் பரிகாரம் இருக்கிறது. நாணயம் தேய்த்த கோட்டுக்கு இல்லை. எந்த எடைக்கல்லும் அதைத் திருப்பித் தராது. அந்த ஆறு கிராமின் கனம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. இருந்தாலும் பக்கம் முடியும்வரை உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.